காடாம்புலியூர்ப் பலாவில் ஓர் அமெரிக்க நாற்காலி

சென்னை விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறக்கச் சொன்ன சுங்க அதிகாரி, உள்ளேயிருந்து ஒரு கத்தியை எடுத்தார். ஒரு முழ நீளம், இரண்டு முனையிலும் மரப்பிடி. அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு என்னையும் ஒரு பார்வை பார்த்தார்.

"என்ன சார் இது? ஆடு உரிக்கவா?"

"நாற்காலி செய்ய, சார். மரம் சீவுற கத்தி."

"அமெரிக்காவுலேர்ந்து நாற்காலி செய்யவா வர்றீங்க? ஏன், இங்க கடையில கிடைக்காதா?"

இதே கேள்வியை என் மனைவி கேட்டிருந்தாள், அக்கா போனில் கேட்டிருந்தாள். மூன்றாவது முறை என்பதால் கோபம் வரவில்லை. அக்கா பெண் நித்யாவுக்குக் கல்யாணம், நான் தாய்மாமன், சீரோடு சேர்த்து ஒரு நாற்காலியும் செய்து தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்று சொன்னேன். அவர் பக்கத்து மேஜைக்காரரிடம், "தாய்மாமன் சீராம்யா, சேர்!" என்று சொல்லிச் சிரித்து, கத்தியைப் பெட்டிக்குள் அவரே பத்திரமாக வைத்து மூடினார்.

விஷயம் இதுதான். கடலூரில் இருக்கும் என் அக்கா வசந்தாவின் கணவர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், கம்மாபுரம் பக்கம் சுரங்கத்தில் பெரிய இயந்திரங்கள் ஓட்டி ஓய்வு பெற்றவர். மூன்று மாதத்துக்கு முன் வீட்டுப் பின்கட்டில் துணி துவைக்கும் கல்லருகே வழுக்கி விழுந்தார். இடுப்பு மூட்டு உடைந்து, மாற்று மூட்டு வைத்தார்கள். இப்போது கைத்தடியோடு நடக்கிறார். நடப்பதில் சிரமமில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத்தான் முடியாது. சோபா உள்ளே இழுக்கிறது, பிளாஸ்டிக் நாற்காலியின் கை வளைந்து கொடுக்கிறது. யாராவது கக்கத்தில் கை கொடுத்துத் தூக்க வேண்டும். தரையில் உட்காரவே கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அவர்கள் குடும்பத்தில் தாரை வார்க்கும்போது பெண்ணின் அப்பா மாப்பிள்ளைக்கு எதிரே மணையில் உட்கார்ந்து, பெண்ணின் கையைப் பிடித்துக் கொடுப்பது வழக்கம். மாமாவால் மணையில் உட்கார முடியாது என்பதால் அவருடைய தம்பி அந்தக் காரியத்தைச் செய்யட்டும், மாமா முன் வரிசையில் வசதியாக உட்கார்ந்து பார்க்கட்டும் என்று பெரியவர்கள் முடிவெடுத்திருந்தார்கள். அதை மாமாவே வீடியோ அழைப்பில் என்னிடம் சொன்னார்.

"என் தம்பி நல்லவன்தான் மச்சான். ஆனா பெத்தவன் நானு. நான் பாத்துகினு உக்காந்திருக்கணுமாம்."

உடனே நான் சொல்லிவிட்டேன், "மாமா, நான் சேர் செஞ்சு தர்றேன். அதுல உக்காந்து நீங்களே தாரை வாருங்க." சொன்ன பிறகுதான் கல்யாணத்துக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று கேட்டேன்.

நான் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையின் கணினிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஆறு வருடமாகச் சனிக்கிழமைகளில் ஒரு பட்டறைக்குப் போய்ப் பழைய முறையில் கையால் நாற்காலி செய்யப் பழகுகிறேன். பட்டறை நடத்தும் ஹெலன் என் வயதுக்காரி. அவளுடைய முன்னோர்கள் ஜெர்மனியிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். "கப்பலில் நாற்காலிக்கு இடமிருக்கவில்லை, அதனால் அதைக் கையில் கொண்டுவந்தார்கள்" என்பாள். கையில் என்றால், செய்யத் தெரிந்த கையில். இங்கிலாந்துக்காரர் கெட்டியான பலகையில் துளை போட்டு, கால்களைக் கீழேயும் மெல்லிய குச்சிகளை மேலேயும் சொருகும் நாற்காலியைக் கொண்டுவந்தார். டச்சுக்காரர் கோரைப் புல்லை முறுக்கிப் பின்னிய இருக்கையைக் கொண்டுவந்தார். ஜெர்மானியர் கொண்டுவந்தது ஏணி போல முதுகில் வளைந்த பட்டைகள் அடுக்கிய நாற்காலி. வந்து இறங்கிய இடத்தில் அவர்கள் ஊர் மரம் இல்லை. இருக்கைக்கு எல்ம் தேடியவர்களுக்குப் பைன் கிடைத்தது. கிடைத்ததை வைத்துச் செய்தபோது நாற்காலியின் உருவமே மாறிப்போனது. பைன் மென்மையானது என்பதால் பலகையைத் தடிமனாக விட்டு நன்றாகக் குடைந்தார்கள், காலுக்கு மேப்பிள், குச்சிக்கு ஹிக்கரி என்று மூன்று மரம் கலந்து, கலந்தது தெரியாமலிருக்கப் பச்சை வர்ணம் அடித்தார்கள். இதையெல்லாம் நான் விருந்துகளில் சொல்ல ஆரம்பித்தால் என் மனைவி தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவாள்.

கடலூரில் முதல் நாள் வைகாசி வெயில் என்னை வரவேற்றது. அக்கா வஞ்சிரம் வறுத்து வைத்திருந்தாள். சாப்பிட்ட கையோடு மாமாவை நிற்க வைத்து, தையல்காரன் மாதிரி முட்டியிலிருந்து குதிகால் வரை அளவெடுத்தேன். அவருக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வரும் பெண் பக்கத்தில் நின்று கறாராகச் சொன்னாள்.

"சார், உக்காரும்போது இடுப்பவிட முட்டி கீழதான் இருக்கணும். முன்னாடி குனியவே கூடாது. உயரம் கம்மியா இருந்துச்சுன்னா மூட்டு கழண்டுக்கும்."

"பதினெட்டு அங்குலம் வைக்கிறேன்."

"பத்தொம்பது வைங்க. அங்கிள் நல்ல உயரம்."

அக்கா சமையலறையிலிருந்தே, "என்னாத்துக்கு அவ்ளோ ஒசரம்?" என்றாள். அந்தக் கேள்விக்கு நான் அப்போதே பதில் சொல்லியிருக்க வேண்டும். பதிலுக்கு வஞ்சிரம் இன்னொரு துண்டு கேட்டேன்.

சாயங்காலம் மஞ்சக்குப்பம் பக்கம் நடந்தேன். பழைய அரசு அலுவலகம் ஒன்றின் வராந்தாவில் பிரம்பு பின்னிய நாற்காலிகள் இரண்டு, உடைந்த கால்களைக் கயிற்றால் கட்டிய நிலையில் கிடந்தன. ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் பிரெஞ்சுக்காரரும் இந்தக் கரையிலும் இறங்கியவர்கள்தான். அமெரிக்கா போனவர்கள் குடியேறப் போனார்கள், தங்கள் நாற்காலியைத் தாங்களே செய்துகொண்டார்கள். இங்கே வந்தவர்கள் நம் ஆசாரிகளைச் செய்யச் சொல்லி உட்கார்ந்தார்கள், நாம் எதிரே நின்றோம். அங்கேயும் ஆரம்பத்தில் வீட்டுக்கு ஒரே ஒரு கை வைத்த நாற்காலிதான், அதில் குடும்பத் தலைவர்தான் உட்காருவார், மற்றவர்களுக்கு முக்காலியும் பெட்டியும் என்று ஹெலன் சொல்லியிருக்கிறாள். அங்கே அது சீக்கிரம் மாறிவிட்டது. நமக்கு இன்னும் நாற்காலி என்றால் அதிகாரம்தான். இதை யோசித்தபடி வீடு திரும்பினேன். யோசித்ததோடு சரி, அக்காவிடம் சொல்லவில்லை.

மறுநாள் காடாம்புலியூர். பண்ருட்டி தாண்டியதும் பேருந்துக்குள்ளேயே பலாப்பழ வாசனை வந்துவிட்டது. சாலையோரம் பழங்களை மலை மாதிரிக் குவித்திருந்தார்கள். பின் இருக்கையில் ஒருவர் மடியில் ஒரு பழத்தை வைத்துக்கொண்டு, "இது மாமியார் வூட்டுக்கு. வேர்ப்பலா, சாதாரணமில்ல" என்று யாரும் கேட்காமலே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வந்தார்.

எனக்குப் பட்டறை கொடுக்க ஒப்புக்கொண்ட ஏழுமலை, மாமாவோடு சுரங்கத்தில் வேலை பார்த்தவரின் மகன். நாற்பது வயதிருக்கும். நவீன சமையலறை அலமாரிகள்தான் அவருடைய தொழில், கையில் இருக்கும் வேலைக்கே ஆள் போதவில்லை. "நாலு நாள்தான் சார் டைம். அப்புறம் நெல்லிக்குப்பத்துல ஒரு மாடுலர் கிச்சன் இருக்குது" என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

சாலை அகலப்படுத்த வெட்டிய ஒரு பலா மரம் இரண்டு வாரத்துக்கு முன்தான் அவரிடம் வந்திருந்தது. அறுத்த முகம் மஞ்சளாக, பால் கசிய இருந்தது. எனக்குத் தேவை ஈர மரம் என்றதும் ஏழுமலை கையைக் கட்டிக்கொண்டார்.

"ஈர மரத்துல சேர் செஞ்சா ரெண்டே மாசத்துல கழண்டு பூடும் சார்."

"கால் மட்டும் ஈரம், ஏழுமலை. குறுக்குக் கட்டை எலும்பு மாதிரிக் காஞ்சிருக்கணும். காஞ்சத ஈரத்துல அடிச்சு எறக்குனா, கால் காயும்போது சுருங்கிப் பிடிச்சுக்கும். ஆணி வேணாம், பசை வேணாம்."

அவர் கட்டையைத் தட்டிப் பார்த்தார். "அமெரிக்காக்காரன் கண்டுபுடிச்சதா?"

"ஐரோப்பாவுலேர்ந்து அங்க போனது."

"அங்கேர்ந்து நீங்க இங்க கொண்டாந்துட்டீங்க. சரி, செஞ்சு பாப்போம்."

ஹெலன் சொல்லிக்கொடுத்தபடி மரத்தை ஆப்பு வைத்துப் பிளக்கப் பார்த்தேன். அங்கே ஓக் மரம் ஒரே அடியில் நேராகப் பிளந்து கொடுக்கும். பலா அப்படியில்லை. ரேகை முறுக்கிக்கொண்டு போய், பாதிக் கட்டையை ஒரு பக்கமாக இழுத்துவிட்டது. மூன்று கட்டை வீணானது. நாலாவதுக்கு நான் சுத்தியலை ஓங்கியபோது ஏழுமலை அதைக் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார்.

"சார், இது நம்ம ஊரு மரம். அது சொல்றதக் கேளுங்க. ரம்பத்துல அறுத்துக்கலாம்."

எனக்கு முதலில் சுருக்கென்றது. எல்மைத் தேடிப் பைனைக் கண்ட அந்த இங்கிலாந்துக்காரனும் இப்படித்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பான் என்று தோன்றியதும் சிரிப்பு வந்துவிட்டது. அறுத்தோம். அப்புறம் என் இரட்டைப்பிடிக் கத்தியால் கால்களை உருட்டிச் சீவினேன். பலாவின் மஞ்சள் சுருள் சுருளாகக் காலடியில் விழுந்தது. அந்தக் கத்தியை ஏழுமலை ஒரு முறை வாங்கி இழுத்துப் பார்த்தார், பிறகு திருப்பித் தர மனமில்லாமல் இரண்டு கால்களை அவரே சீவி முடித்தார்.

குறுக்குக் கட்டைகளைக் காயவைக்க ஹெலனிடம் விளக்கு போட்ட பெட்டி உண்டு. இங்கே அதைவிட நல்லது இருந்தது. ஏழுமலையின் மச்சான் முந்திரி உடைக்கும் இடம் வைத்திருக்கிறார், அங்கே பருப்பைத் தட்டுகளில் அடுக்கிக் காயவைக்கும் சூட்டறை இருக்கிறது. தட்டுகளின் அடியில் என் கட்டைகளை மூன்று நாள் வைத்தோம். அங்கே பருப்புத் தோல் உரித்துக்கொண்டிருந்த பெண்கள், நான் ஒவ்வொரு முறை கட்டையை எடுத்து முகர்ந்து பார்த்து எடை போட்டபோதும், "வெந்துடுச்சாண்ணா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். முதுகுப் பட்டைகளை வளைப்பதற்கு இட்லிக் குண்டானில் வேகவைத்தேன், அதையும் பார்த்துவிட்டார்கள். அன்று மத்தியானம் அவர்களில் ஒருத்தி முந்திரிப்பருப்புப் பொட்டலம் ஒன்றைக் கொடுத்து, "கட்டைய மட்டும் தின்னாதீங்க" என்றாள்.

நாலாம் நாள் சேர்த்து அடித்தோம். முந்திரி வாசனையோடு இருந்த காய்ந்த கட்டை ஈரக் காலுக்குள் முனகிக்கொண்டே இறங்கியது. கடைசியாகக் கைப்பிடிகள். அவற்றைக் கொஞ்சம் முன்னே நீட்டி, மாமா அழுத்தி எழுவதற்குத் தோதாக முனையை அகலமாக விட்டேன். ஏழுமலை அதைப் பிடித்து உலுக்கினார். தன் முழு எடையையும் போட்டு மறுபடி உலுக்கினார்.

"ஆடல சார்," என்றார், கொஞ்சம் வருத்தத்தோடு.

இருக்கை மட்டும் பாக்கி. அதற்குக் கடலூரில் கோரை வாங்கியிருந்தேன். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பே பெண் வீட்டார் சிதம்பரம் போனார்கள், மாப்பிள்ளை கார்த்திக்கின் ஊர் அது. மண்டபத்துக்கு அடுத்த தெருவில் எங்களுக்கு ஒரு வீடு எடுத்துக் கொடுத்திருந்தார்கள். இருக்கை இல்லாத நாற்காலியை வாடகைக் காரின் தலைமேல் கட்டிக்கொண்டு போனோம். வழியில் ஒரு சுமோக்காரர் கண்ணாடியை இறக்கி, "சார், சேர்ல ஓட்டை!" என்று அக்கறையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

சிதம்பரத்தில் இட்லியும் கத்திரிக்காய் கொத்சும் சாப்பிட்டுவிட்டு, அதே காரில் கிள்ளைக்குப் போனேன். மீன் வலை பின்னும் ஸ்டெல்லா அக்கா கயிறு வேலையில் கைதேர்ந்தவர் என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லியிருந்தார்கள். அவர் வீட்டு வாசலில் வேப்பமரத்தடியில் வலைக் குவியல் நடுவே உட்கார்ந்திருந்தார். நான் கோரைக் கட்டைப் பிரித்துக் காட்டி, முறுக்கிப் பின்ன வேண்டும், அமெரிக்காவில் டச்சுக்காரர்கள் இப்படித்தான் செய்தார்கள் என்று படங்களோடு விளக்கினேன். அவர் ஒரு கோரையை எடுத்து இரண்டு விரலால் முறுக்கினார். பட்டென்று அறுந்தது.

"இது பாய்க்குக் கிழிச்ச கோரை தம்பி. உங்கள யாரோ நல்லா ஏமாத்திட்டாங்க. முழுக் கோரையா இருந்தாலும் இங்க உப்புக் காத்து, பூஞ்சை புடிச்சுக்கும்."

"வேற என்ன செய்யிறது?"

அவர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். அவர் மகள் ஒரு சுருள் நைலான் கயிற்றைக் கொண்டுவந்து போட்டாள். படகு கட்டும் கயிறு. பளிச்சென்ற நீலம்.

முன்னூறு வருடப் பாரம்பரியத்தில் நீல நைலானா என்று என் உள்ளே ஒருவன் கத்தினான். அவர் காதில் அது விழவில்லை. "படகையே புடிச்சு நிறுத்துது. உங்க மாமாவப் புடிக்காதா?" என்று கேட்டுக்கொண்டே முதல் முடிச்சைப் போட்டுவிட்டார். இரண்டு மணி நேரத்தில் நாலு மூலையிலிருந்தும் நடுவே வந்து சேரும் பின்னல், நான் காட்டிய படத்தில் இருந்த அதே பின்னல், நீலத்தில் தயாரானது. அதன்மேல் தட்டினால் மேளம் மாதிரி சத்தம் வந்தது. பிறகு இறால் தொக்கும் சோறும் போட்டார்.

காரை உறவினர்களை அழைத்துவரத் திருப்பி அனுப்பியிருந்ததால், திரும்புவது மினி பேருந்தில். கூட்டம். நடத்துநர் என்னையும் நாற்காலியையும் பார்த்தார். "அத நடுவுல போடுங்க," என்றார். போட்டேன். போட்ட மறு நிமிடம் மீன் கூடையோடு ஏறிய ஓர் அம்மாள் அதில் உட்கார்ந்து, கூடையை மடியில் வைத்துக்கொண்டார். எழுப்ப எனக்குத் தைரியமில்லை. வளைவுகளில் பேருந்தே சாய்ந்தது, நாற்காலி முனகவில்லை. சிதம்பரத்தில் இறங்கும்போது அந்த அம்மாள், "நல்ல சீட்டு. ஆனா ஒண்ணுதான் போட்டிருக்காங்க" என்று நடத்துநரிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

மாமா அன்று வெளியே உறவினர் வீட்டுக்குப் போயிருந்தார். மறுநாள் காலையில் காட்டலாம் என்று நாற்காலியை மண்டபத்தின் ஓர் அறையில் வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் பார்த்து சீர் தட்டு, பழம், புடவை என்று அக்கா என்னைக் கடைத்தெரு முழுக்க இழுத்தடித்தாள். மத்தியானம் வந்து சாப்பிட்டுவிட்டு அசந்து தூங்கிவிட்டேன். எழுந்து மண்டபத்துக்குப் போனபோது, என் நாற்காலி மேடையில் மணைக்குப் பக்கத்தில் இருந்தது. ஏதோ சரியில்லை. குட்டையாக இருந்தது.

நாலு காலிலும் அடியில் அரைச் சாண் அளவைக் காணவில்லை. புதிதாக அறுத்த முகம் மஞ்சளாகத் தெரிந்தது.

அதைச் செய்யச் சொன்னது அக்கா. சம்பந்தி வீட்டுப் பெரியவர் ஒருவர் மேடையைப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளை மணையில் கீழே இருப்பார், மாமனார் இவ்வளவு உயரத்தில் உட்கார்ந்தால் எப்படி என்று கேட்டாராம். அக்காவுக்கு வெட்கமாகிப் போய், பந்தல் போட வந்த ஆளிடம் ரம்பத்தைக் கொடுத்துவிட்டாள்.

"மாப்பிள்ளைய அந்த நேரத்துல சாமியா நெனைக்கிறோம். இவரு கலெக்டர் மாதிரி மேல குந்திகினு இருந்தா நல்லாவாடா இருக்கும்? கொஞ்சமாத்தான் அறுத்தேன்."

"கொஞ்சமா! பத்தொம்பது அங்குலம்னு அந்தப் பொண்ணு சொன்னப்ப நீ எங்க இருந்த?"

"நீ மீன் தின்னுகினு இருந்த," என்றாள் அக்கா.

அறுத்த துண்டுகளைக் கேட்டேன். சமையல்காரர்கள் அடுப்பில் போட்டுவிட்டார்கள், அதன்மேல் பால் காய்ந்துகொண்டிருந்தது. நான் கத்தினேன். ஆறு வருடப் படிப்பு, முந்திரிச் சூட்டறை, கிள்ளை எல்லாவற்றையும் சொல்லிக் கத்தினேன். மண்டபத்தில் பாத்திரச் சத்தம் நின்றது.

அதற்குள் மாமா வந்துவிட்டார். யாரும் தடுப்பதற்குள், "மச்சான் செஞ்ச சேரு" என்று சொல்லிக்கொண்டே கைப்பிடிகளைப் பற்றி உட்கார்ந்துவிட்டார். முட்டி இரண்டும் இடுப்புக்கு மேலே வந்துவிட்டன. ஒரு முறை அழுத்தி எழுந்து பார்த்தார், முடியவில்லை. இரண்டாவது முறை முகம் சுருங்கிவிட்டது. நானும் பந்தல்காரரும் ஆளுக்கொரு பக்கம் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினோம். சம்பந்தி வீட்டார் நாலைந்து பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பரவால்ல மச்சான். தம்பியே பண்ணட்டும்," என்றார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, தடியை ஊன்றி மெதுவாக வெளியே போனார். அக்கா அங்கேயே உட்கார்ந்து அழுதாள். எனக்குக் கோபமெல்லாம் போய்விட்டது, கொடுத்த வாக்கு பொய்யாகிவிடுமோ என்ற பயம்தான் மிச்சமிருந்தது.

பழைய அமெரிக்க நாற்காலிகளைக் காட்சிக்கு வைத்திருக்கும் இடங்களில் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். பலவற்றின் பாதம் ஒட்டுப் போட்டது. பின்னால் வந்தவர்கள் யாரோ தங்கள் வசதிக்குக் காலைக் குட்டையாக்கியிருப்பார்கள், அதற்கும் பின்னால் வந்தவர்கள் புதுக் கட்டை சேர்த்து உயர்த்தியிருப்பார்கள். விலை மதிப்பு போய்விடும், உட்காரலாம். ஏழுமலைக்குப் போன் செய்தேன். நெல்லிக்குப்பத்துச் சமையலறையில் இருந்தார்.

"அறுத்துட்டாங்களா? யாரு சார் அது!" என்றார். பிறகு, "காலோட விட்டத்த அளந்து சொல்லுங்க. கிச்சன் எங்கயும் ஓடிப் பூடாது."

ஐந்து மணிக்கு வண்டியில் வந்து இறங்கினார். பையில் நாலு புளியங்கட்டைத் துண்டுகள், வைரம் பாய்ந்து கறுப்பாக. "பலா காய இன்னும் நாளாகும். கீழ அடி தாங்குறதுக்குப் புளிதான் சரி," என்றார். ஒவ்வொரு காலின் அடியிலும் நடுவில் துளை போட்டு, புளியங்கட்டையின் தலையை முளையாகச் செதுக்கி, உள்ளே அடித்து இறக்கினார். நான் அளவுகோலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இருட்டுவதற்குள் முடிந்துவிட்டது. பத்தொன்பது அங்குலம். மஞ்சள் கால், கறுப்புப் பாதம், நீல இருக்கை. பச்சை வர்ணம் அடித்து மறைக்க நேரமில்லை. அக்கா தன்னுடைய பழைய பட்டுப் புடவை ஒன்றைக் கொண்டுவந்து இருக்கைமேல் மடித்துப் போட்டாள், என் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று மாமாவை மறுபடி உட்காரச் சொல்ல எங்கள் யாருக்கும் வாய் வரவில்லை. நித்யாதான், கையில் மருதாணி காயக் காய, அவரிடம் போய்ச் சொன்னாள். "அப்பா, காலையில நீங்கதான். சித்தப்பாகிட்ட நான் பேசிட்டேன். அவரும் அதத்தான் சொல்றாரு."

காலையில் முகூர்த்தம். மாமா பட்டு வேட்டியில், தடியை ஓரமாக வைத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தார். எதிரே மணையில் கார்த்திக், பக்கத்தில் நித்யா. சம்பந்தி வீட்டுப் பெரியவர் நாற்காலியின் பாதத்தைப் பார்த்துவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தார். மந்திரம், புகை, நாதசுரம் எல்லாம் ஒழுங்காக நடந்தன. தாரை வார்க்கும் நேரம் வந்தது. அக்கா செம்பைத் தூக்கினாள். மாமா நித்யாவின் கையைப் பிடித்துக்கொண்டு, மாப்பிள்ளையின் கையை நோக்கி நீட்டினார்.

எட்டவில்லை. ஒரு முழம் இடைவெளி. மாமா முன்னால் சாயப் பார்த்தார்.

"குனியாதீங்க!" என்று அக்காவும் நானும் ஒரே நேரத்தில் கத்தினோம். நாதசுரக்காரர் நிறுத்திவிட்டார். இத்தனை பேர், இத்தனை நாள், நாற்காலி உயரமா தாழ்வா என்று சண்டை போட்டோமே தவிர, கை எட்டுமா என்று ஒருவர்கூட அளந்து பார்க்கவில்லை. அளவுகோல் வைத்திருந்த நான் உட்பட.

ஐயர் நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு அடுத்த மண்டபத்தில் இன்னொரு முகூர்த்தம் இருந்தது.

"மாப்பிள்ள, எழுந்திருங்கோ. அம்மா, நீயும் எழுந்திரு. எல்லாரும் நின்னுண்டே பண்ணிக்கலாம்."

"நின்னுக்கிட்டா? அப்படிச் செய்யலாமா சாமி?" என்று கேட்டேன்.

"ஏன் செய்யக் கூடாது? பாதிக் கல்யாணம் நின்னுண்டுதான் பண்றேன்."

"இத முன்னாடியே சொல்லியிருக்கலாமே!"

"யாரும் கேக்கலியே சார்."

கார்த்திக் எழுந்து நின்றான். நித்யா எழுந்து நின்றாள். இனி மாமா எழ வேண்டும். மண்டபம் முழுக்க அவரைப் பார்த்தது. பந்தல்காரர் என் பக்கத்தில் தயாராக வந்து நின்றார். அக்கா செம்பை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையை அவர் கக்கத்தருகே கொண்டுபோனாள்.

"நீ தண்ணிய ஊத்து," என்றார் மாமா. "நான் எழுந்துக்கிறேன்."

கைப்பிடியின் இரண்டு முனையையும் பிடித்தார். பாதங்களைக் கொஞ்சம் பின்னால் இழுத்து வைத்தார். அவர் அழுத்தினார், தோள் நடுங்கியது, இடுப்பு இருக்கையை விட்டுக் கிளம்பியது, அப்புறம் அவர் நின்றுகொண்டிருந்தார். யாரும் தொடவில்லை. மூன்று மாதத்தில் முதல் முறை.

மகளின் கையை மாப்பிள்ளையின் கையில் வைத்தார். அக்கா ஊற்றிய தண்ணீர் மூன்று பேர் விரல்களிலும் வழிந்து தாம்பாளத்தில் விழுந்தது. நாதசுரம் மறுபடி தொடங்கியது. நித்யா அழுதாள், அக்கா அழுதாள், நானும்தான் அழுதேன்.

தாரை வார்த்து முடிந்து, ஐயர் அடுத்த சடங்குக்குப் போனார். மாமா இன்னும் நின்றுகொண்டே இருந்தார். நான் நாற்காலியை அவர் பக்கமாக நகர்த்தி, மேலே கிடந்த பட்டுப் புடவையைச் சரி செய்துவிட்டு, "மாமா, உக்காருங்க" என்றேன்.

"இரு மச்சான்," என்றார். "கொஞ்ச நேரம் நின்னுக்கிறேன்."